ஊசி அட்டையால் போன வேலை, இன்னும் கைக்கு வராத எட்டு வருடக் காசு

திருகோணமலையிலிருந்து ஒரு தங்கச்சி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை செய்தவர். பெயரையும் ஹோட்டலையும் எடுத்துவிட்டேன், அங்கே கடற்கரையோடு எந்தக் கட்டடம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் சில சில்லறை விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

2013 ஜூனில் மரக்கறி வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர், கடைசி வருடங்களில் காலைச் சாப்பாட்டை முழுக்கத் தனியாகவே பார்த்திருக்கிறார். 2021 ஒகஸ்ட் 20இல் கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது ஹோட்டலை மூடினார்கள். ஒக்டோபர் 1இல் ஊரடங்கு எடுபட்டதும் மனேஜர் எல்லோருக்கும் போன் எடுத்து, "ரெண்டு ஊசியும் போட்ட அட்டையோட வாங்கோ, இல்லாட்டி வரவேண்டாம், அரசாங்கத்தின்ர கசற் இருக்கு" என்றாராம். இவர் ஊசி வேண்டாமென்று நின்றவர் இல்லை. சின்ன வயதில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஊசி போட்ட பள்ளிக்கூடத்தில் அதைச் சொன்னதும், "நீங்கள் பெரியாஸ்பத்திரியில போய்ப் போடுங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அங்கே திகதி கிடைக்கப் பிந்திவிட்டது. மனேஜருக்கும் இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டு, கணக்கு முடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் அடித்த ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு படித்த பிள்ளை ஒன்றிடம் அதன் போன் படத்தைக் காட்டியபோதுதான் அது ராஜினாமாக் கடிதம் என்று தெரிந்தது. அந்த வருடம் முடிவதற்குள் இரண்டு ஊசியும் போட்டுவிட்டார், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் அவருடைய இடத்தில் வேறு ஆள்.

இப்போது அவர் கேட்பது நான்கு விஷயம். இத்தனை வருடம் கழித்து வழக்குப் போடலாமா, அடிப்படை உரிமை மீறல் என்று கொழும்புக்குப் போகலாமா, பாரிசில் ரெஸ்டூரண்டில் வேலை செய்யும் அண்ணா "இங்கெல்லாம் ஊசிக்காக ஆரையும் வேலையால நிப்பாட்டேல்லை" என்கிறாரே அது உண்மையா, கடைசியாக, வரும் சீசனுக்குக் கூப்பிட்டிருக்கும் புது ஹோட்டல் நீட்டும் ஒரு தாளில் கையெழுத்து வைக்கலாமா.

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசியும் ஊசி பற்றித்தான். எனக்குக் கண்ணில் பட்டது மூன்றாம் பக்கத்தின் அடியில், "அதுபோக" என்று தொடங்கி நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட இரண்டு வரி: எட்டு வருடத்துக்கும் பணிக்கொடை (வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய சேவைக் காசு) என்று ஒன்றும் தரவில்லை, ஈ.பீ.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் 2019க்குப் பிறகு ஏதும் ஏறவில்லைப் போல. உங்களுக்கு வரவேண்டிய காசு அந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது. அதற்கு வருமுன் ஊசியைப் பேசி முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் உங்கள் மனம் ஆறாது.

கசற் என்று சொன்னது

ஊசி போடாதவர் பொது இடங்களுக்குள் நுழையக் கூடாது என்று சுகாதார அமைச்சரின் ஒழுங்குவிதி ஒன்று கசற்றில், அதாவது அரச வர்த்தமானியில், வந்தது உண்மை. ஆனால் அது வந்தது 2022 ஜனவரி கடைசியில், ஏப்ரல் 30இலிருந்து என்று திகதி போட்டு. உங்களை நிற்பாட்டியது 2021 ஒக்டோபரில். மூன்று மாதம் கழித்து அச்சான கசற்றை மனேஜர் முன்கூட்டியே படித்திருக்க வழியில்லை. தவிர, அது யார் எங்கே நுழையலாம் என்பது பற்றிய விதி. முதலாளி யாரை வேலையில் வைத்திருக்கலாம், யாரைத் தூக்கலாம் என்பதற்குத் தொழிற்சட்டம் தனியாக இருக்கிறது.

அதற்காக ஹோட்டல்காரர் கேட்டதே பிழை என்று நான் சொல்ல மாட்டேன், இதில் நீங்கள் கொஞ்சம் கோபப்படுவீர்கள் என்று தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளோடு ஒரு சீசன் போய், கொரோனாவோடு அடுத்தடுத்த இரண்டும் போய், கடன் கட்ட முடியாமல் இருந்த முதலாளிமாரை எனக்கும் தெரியும். சமையலறையில் ஒருவருக்கு வந்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எல்லோரையும் தனிமைப்படுத்தி இடத்தையே மூடவைக்கிற காலம் அது. ஆட்களை ஊசி போட்டுக்கொண்டு வரச்சொல்வது நியாயமான நிர்வாகக் கட்டளை என்று ஒரு நீதிபதி எடுத்துக்கொள்ள நல்ல இடமிருந்தது. பிழை அடுத்த படியில் நடந்திருக்கிறது. வைத்தியக் காரணம் சொன்னவருக்குத் தவணை கொடுக்கவில்லை, எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை, விசாரணை இல்லை, அதற்குப் பதிலாக வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு ராஜினாமாக் கடிதம். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிற்பாட்டினால் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஒழுக்காற்று அல்லாத காரணம் என்றால் உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். அந்தச் சம்மதத்துக்கான குறுக்குவழிதான் அந்தக் கடதாசி. கெட்டிக்கார வேலை, நம்மூரில் வக்கீல் இல்லாமலே எல்லோரும் பழகிவைத்திருக்கிறார்கள்.

ஆறு மாதம்

இனிக் கசப்பான பதில். வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாயசபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். மேலே சொன்ன 1971 சட்டத்தின் கீழ் ஆணையாளருக்கு முறையிடுவதற்கும் அதே ஆறு மாதம். உங்களுக்கு அது 2022 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. நாடு எண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற மாதம் அது, அப்போது யாருக்கு நியாயசபை ஞாபகம் வரும்? ஆனாலும் கெடு கெடுதான். "பழைய வழக்கைத் தட்டியெழுப்பலாம், முதலில் ஐம்பதாயிரம் கட்டுங்கோ" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

1971 சட்டம் உங்களுக்கு முதலில் பொருந்தியிருக்குமா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். அது முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேர் வேலை செய்த இடத்துக்குத்தான். உங்கள் ஹோட்டல் அந்த ஆறு மாதத்தில் ஒரு பகுதி மூடிக்கிடந்தது. இந்த 15 என்ற எண் கீழேயும் வரும், ஆனால் அங்கே அதை வேறு மாதிரி எண்ணுவார்கள், அது உங்களுக்குச் சாதகம்.

அடிப்படை உரிமை வழக்கு இன்னும் தூரம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் பார்ப்பது அரசு அல்லது அரச அதிகாரி செய்த மீறலை. தனியார் ஹோட்டல் முதலாளி அதற்குள் வரமாட்டார், வந்தாலும் அவகாசம் ஒரு மாதம்.

பாரிஸ் அண்ணா சொன்னது

பாதி சரி. பிரான்சில் 2021 ஒகஸ்ட் 9இலிருந்து ரெஸ்டூரண்டுக்குள் போய் இருந்து சாப்பிட ஊசி, குணமான சான்று, நெகட்டிவ் பரிசோதனை இவற்றில் ஒன்றைக் காட்டவேண்டி இருந்தது. ஒகஸ்ட் 30இலிருந்து அங்கே வேலை செய்பவர்களுக்கும் அது வந்தது. காட்டாதவரை நிற்பாட்டிவிடவில்லை, ஒப்பந்தத்தை இடைநிறுத்தினார்கள். இடைநிறுத்தினால் சம்பளமும் இல்லை. அண்ணா அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிட்டார் போலிருக்கிறது. தற்காலிக ஒப்பந்தக்காரரை இதற்காக இடையிலேயே வெட்டலாம் என்று சட்டத்தில் இருந்த ஒரு பகுதியை அவர்களின் அரசியலமைப்பு மன்றம் ஒகஸ்ட் 5இல் எடுத்தெறிந்தது. வைத்தியக் காரணத்தால் ஊசி போட முடியாதவருக்குச் சான்றிதழ் காட்டி வேலை செய்ய வழி வைத்திருந்தார்கள். உங்களுக்கு இங்கே கிடைக்காமல் போனது அதுதான்.

நியூயோர்க்கில் அதே வருடம் ஒகஸ்டில் இன்னும் இறுக்கமாக வந்தது. உணவகத்தில் வேலை செய்பவர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதோடு, வாசலில் நின்று வாடிக்கையாளரின் அட்டையைப் பார்ப்பதும் அவருடைய தலையில்தான் விழுந்தது. நாடெங்கும் 100 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு "ஊசி அல்லது வாராவாரம் பரிசோதனை" என்று அரசு போட்ட விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 13இல் தடுத்துவைத்தது, ஆஸ்பத்திரி ஊழியருக்கான விதியை அதே நாளில் விட்டுவைத்தது. எந்த ஊரை எடுத்தாலும் விதி போட்டவர் ஒருவர், வாசலில் நின்று ஏச்சு வாங்கியவர் வேறொருவர். உங்கள் ஹோட்டலிலும் ரிசெப்ஷன் பிள்ளையை ஒரு வாடிக்கையாளர் அட்டை கேட்டதற்காகத் தள்ளிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவளுக்கும் சம்பளம் உங்களளவுதானே.

டிக்டொக்கில் வரும் "இந்திய நீதிமன்றம் ஊசிக் கட்டாயத்தை ரத்துச் செய்தது" என்பதையும் கேட்டிருந்தீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2இல் சொன்னது, யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தொற்று குறைந்திருக்கும் காலத்தில் போடாதவருக்கு மட்டும் தடை வைப்பது அளவுக்கு மிஞ்சியது, அதை மீளப் பாருங்கள் என்று. வேலை போனவர்களுக்கு நட்டஈடு கொடு என்று அதில் இல்லை. அந்தத் தீர்ப்பு நம்முடைய தொழில் திணைக்களத்தைக் கட்டுப்படுத்தவும் மாட்டாது.

பணிக்கொடைக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை

நீங்கள் எழுதியது: "நானே விலகினதெண்டு கையெழுத்து வச்சிட்டன், இனி பணிக்கொடை கேக்கேலாதுதானே." இது பிழை தங்கச்சி. திருகோணமலையில் மட்டும் எத்தனை பேர் இந்த ஒரு பிழையான நினைப்பால் காசை விட்டுப் போயிருப்பார்களோ தெரியாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில், ஐந்து வருடச் சேவை முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. விலகினாலும் உண்டு, விலக்கினாலும் உண்டு. மோசடி செய்தார், முதலாளியின் பணத்தைக் கையாடினார், பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் செய்தார் என்ற மாதிரிக் காரணங்களுக்காக நிற்பாட்டினால்தான் குறைக்கலாம், அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும். ஊசி போடாதது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்த ராஜினாமாக் கடிதத்தை அவர்கள் ஆயிரம் தரம் தூக்கிக் காட்டினாலும் இந்த விஷயத்தில் அதற்கு மதிப்பில்லை, இன்னும் சொன்னால் வேலை முடிந்த திகதிக்கு அது உங்களுக்கே ஒரு சாட்சி.

கணக்கு எளிது. மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த சம்பளத்தில் அரை மாதம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 24,000 என்கிறீர்கள். பாதி 12,000, எட்டு வருடத்துக்கு 96,000 ரூபாய். மேலே கிடந்த நான்கு மாதம் எண்ணுப்படாது. சீசனில் சம்பளத்தைவிடக் கூட வந்த சர்விஸ் சார்ஜையும் சேர்க்கலாமா என்று ஆசைப்படாதீர்கள், சட்டம் "சம்பளம்" என்று எடுத்துக்கொள்வது அடிப்படைச் சம்பளத்தையும் வாழ்க்கைச் செலவுப்படி போன்றவற்றையும்தான். ஆனால் வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் மிகைக்கட்டணம் ஏறும், ஒரு வருடத்துக்கு மேல் போனால் அது 30 வீதம். அப்படியானால் இன்னும் 28,800. மொத்தம் 124,800 ரூபாய். வேலை நீக்கத்துக்கான அந்த ஆறு மாதக் கெடு இந்தச் சட்டத்தில் இல்லை, அதற்காக இன்னும் நான்கு வருடம் இருந்துவிடாதீர்கள்.

இனி அந்த 15 பேர். பணிக்கொடைச் சட்டத்துக்குச் சராசரி வேண்டாம், வேலை முடிவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்தால் போதும். 2021 சித்திரை வருடப்பிறப்புக்கு உள்ளூர்ச் சனம் திரண்டு வந்தபோது ஆள் கூட்டி 18 பேர் நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கிழமைதான் உங்கள் பிடி. அன்று எடுத்த குறூப் போட்டோ ஏதும் போனில் கிடக்கிறதா பாருங்கள், டியூட்டி லிஸ்ற்றைப் படமெடுத்து வட்ஸ்அப் குறூப்பில் போடுகிற பழக்கம் உங்கள் மனேஜருக்கும் இருந்திருக்கும். முதலாளிமார் "எங்களிட்ட எப்பவும் 12 பேர்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

ஈ.பீ.எஃப்

இதற்கு 15 பேர் கூட வேண்டாம், ஒரே ஒரு ஆள் வைத்திருந்தாலும் கட்டவேண்டும். உங்கள் 24,000இல் 8 வீதம், அதாவது 1,920 ரூபாய் மாதாமாதம் வெட்டப்பட்டதாகச் சம்பளச் சிட்டை சொல்கிறது. முதலாளி தன் பங்கு 12 வீதம், 2,880 ரூபாய், சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், ஈ.ரீ.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் வேறு. சிட்டையில் வெட்டு இருந்து கணக்கில் வரவு இல்லையென்றால் உங்கள் சொந்தக் காசையே அவர் வைத்திருக்கிறார். "ஏறவில்லைப் போல" என்று இருக்கவேண்டாம், கணக்குக் கூற்றை எடுத்து மாதம் மாதமாகச் சிட்டையோடு ஒப்பிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிந்திய கட்டணத்துக்கு மிகைக்கட்டணம் 50 வீதம், தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் அறவிடும். இதற்கு நீங்கள் வக்கீல் பிடிக்கத் தேவையில்லை.

2020 மே, ஜூன் மாதங்களில் ஹோட்டல் மூடியிருந்தபோது 5,000 ரூபாய் மட்டும் தந்தார்கள் என்பதையும் முறைப்பாட்டில் ஒரு வரி சேருங்கள். வேலைக்குக் கூப்பிடாதவருக்கு 14,500 ரூபாய் அல்லது அடிப்படைச் சம்பளத்தில் பாதி, இதில் எது கூடவோ அதைக் கொடுப்பதென்று அமைச்சும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் அப்போது உடன்பட்டிருந்தார்கள். இது கிடைக்கும் என்று பெரிதாக நம்பிக்கை தரமாட்டேன், எழுதுவதில் நட்டமில்லை.

முறைப்பாட்டைத் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் கொடுங்கள், செலவில்லை. தமிழில் எழுதுங்கள், கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, "இங்கிலீசில கொண்டு வாங்கோ" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. சேர்ந்த திகதி, முடிந்த திகதி, கடைசிச் சம்பளம், என்ன வரவேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள். ஊசிக் கதையை இரண்டு வரிக்கு மேல் எழுதவேண்டாம், அதை நீட்டினால் பார்க்கிற அதிகாரி இதை வேலை நீக்க முறைப்பாடு என்று எடுத்து, ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று மூடிவைத்துவிடக்கூடும். சிட்டைகள், வங்கிப் புத்தகம், அந்த ராஜினாமாக் கடிதத்தின் போன் படம் எல்லாவற்றினதும் நகல் வையுங்கள், மூலத்தைக் கையால் விடவேண்டாம். எழுதத் துணை வேண்டுமானால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

புது ஹோட்டலின் தாள்

"நிர்வாகம் கேட்கும் எந்தத் தடுப்பூசியையும் போட்டுக்கொள்வேன், தவறினால் முன்னறிவித்தலின்றி என் வேலை தானாக முடிவடையும்" என்று இருக்கிறது என்கிறீர்கள். முதல் பாதியைக் கண்டு பயப்படவேண்டாம். சாப்பாட்டில் கைவைக்கிறவர்களை நெருப்புக்காய்ச்சல் ஊசி போடச் சொல்வது கொரோனாவுக்கு எவ்வளவோ முந்திய வழக்கம், நீங்களும் 2013இல் போட்டிருப்பீர்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் கொரோனா ஊசியே போடக்கூடாது என்று நீங்கள் நினைத்திருந்ததும் சரியில்லை, அந்த ஊசிகளில் பெனிசிலின் கிடையாது, முன்பு ஒவ்வாமை வந்தவர்களைப் போட்டபின் கொஞ்ச நேரம் கூடுதலாக இருத்திப் பார்ப்பார்கள். நீங்களே போட்டும் விட்டீர்கள். ஆனால் இன்னொரு ஊசி வரும்போது இதைக் கேட்கவேண்டியது வைத்தியரிடம், என்னிடமோ மனேஜரிடமோ இல்லை.

இரண்டாம் பாதிதான் சரியில்லை. "தானாக முடிவடையும்" என்று எழுதிவைத்தால் சட்டம் விலகிப் போய்விடாது, அதில் கையெழுத்து வைத்தபின் வெளியேற்றினாலும் நியாயசபைக் கதவு உங்களுக்குத் திறந்துதான் இருக்கும், ஆறு மாதத்துக்குள் போனால். இருந்தாலும் வாதாடும் வேலை மிச்சமாகட்டும். "வைத்திய ஆலோசனைக்கு உட்பட்டு" என்ற மூன்று சொல்லைச் சேர்த்து, கடைசி வரியை வெட்டித் தரச்சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். சீசன் தொடங்குகிற நேரம் காலைச் சாப்பாட்டைத் தனியாகப் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பது லேசில்லை, அவர்களுக்கும் அது தெரியும். வெட்ட மாட்டோம் என்றால்? வேலை தேவை என்றால் கையெழுத்து வையுங்கள், ஆனால் தமிழில் வாசித்துப் பார்த்து, ஒரு பிரதி வாங்கிக்கொண்டு. நியமனக் கடிதமும் எழுத்தில் கேளுங்கள், கடை அலுவலக ஊழியர் சட்டத்தின்படி அது உங்கள் உரிமை. "மூன்று மாதம் பார்த்துத்தான் ஈ.பீ.எஃப்" என்றால் அது சட்டத்தில் இல்லாத கதை, முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும்.

அப்புறம், ஒவ்வாமை பற்றி வைத்தியரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கி, சேரும் நாளிலேயே மனேஜரிடம் கொடுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாக உங்கள் பிரதியில் அவருடைய கையெழுத்தையும் திகதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாட்டு இலக்கம் தந்ததும் அதை எனக்கு எழுதுங்கள்.